எளிமையா ஒரு கவுன் போதும்

அத்தியாயம் 14

மாமியார் ஒன்று சொன்னார். மருமகள் அதை வேறொன்றாக எடுத்துக்கொண்டாள். இந்தக் குடும்பம் இன்றைக்குப் படப்போகிற பாட்டுக்கு அதற்கு மேல் காரணம் தேவையில்லை.

பேத்தி ரோஷீன் கோவிலில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கப்போகிற சடங்கைப் பற்றி, கிறிஸ்துமஸ் விருந்தில் மாமியார் ஃபினூலா சொன்னது இவ்வளவுதான்: "ரோஷீனோட புதுநன்மைக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம் லொரைன். எளிமையா ஒரு வெள்ளை கவுன் போதும்."

லொரைன் பிறந்து வளர்ந்தது டப்ளினின் வடக்கே, கூலிவேலைக்காரர்கள் வாழும் ஃபிங்லஸில். அங்கே ஒருவர் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றால் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வை என்று அர்த்தம். வசதியான மாமியார் "எளிமையா போதும்" என்றால்? உன்னால் எவ்வளவு முடியும் என்று எனக்குத் தெரியும், போனால் போகிறது என்று அர்த்தம். லொரைன் அப்படித்தான் புரிந்துகொண்டாள். உடனே அக்கா பெர்னிக்குப் போன் போட்டு அழுதாள். "அழாதேடி. ரோஷீனை ஞானஸ்நானத்துல கையில ஏந்தின ஞானத்தாய் நான். கவுன் என் பொறுப்பு. உன் மாமியார் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணும்" என்று பெர்னி சபதம் போட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த நாள் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. டப்ளினின் தெற்கே, வசதிக்காரர்களின் ராத்காரில், செங்கல் வீடுகள் வாயைத் திறக்காமல் வரிசையாக நிற்கும் தெரு. மாடி அறையில் எட்டு வயது ரோஷீன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். லொரைன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து உடுத்திக்கொண்டிருந்தாள். முதலில் கம்பி வளையம். அதன் மேல் உள்பாவாடை. அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. பிறகு முத்து தைத்த கவுன், முழங்கை வரை கையுறை, கையில் லேஸ் குடை, தலையில் கல் பதித்த கிரீடம்.

பெர்னிக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பொங்கலும் தீபாவளியும் இல்லாத ஊரில் புதுநன்மைதான் அவளுக்கு எல்லாம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கடையில் வாரா வாரம் பணம் கட்டத் தொடங்கி, ஈஸ்டருக்குத்தான் கவுனைக் கையில் வாங்கினாள்.

புருஷன் கொர்மக் கதவோரம் நின்று பார்த்தான். அவன் பல் டாக்டர். அவன் அப்பாவும் பல் டாக்டர். முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர் போட்டிருந்தான். அவன் கார் கதவு நசுங்கி மூன்று வருஷம் ஆகிறது, அப்படியே ஓட்டுகிறான். அவனைக் கட்டிக்கொள்ளும் முன், அவன் கிளினிக்கில் டெலிபோன் எடுக்கும் வேலை பார்த்தபோது, பாவம் டாக்டருக்குக் கஷ்டம் போலிருக்கிறது என்றுகூட லொரைன் நினைத்ததுண்டு.

"இது அத்தனையும்... ஒண்ணாப் போடணுமா?" என்றான்.

"பின்னே? பாதிய நாளைக்குப் போடுவாளா?"

"இல்ல, அம்மா அன்னிக்கு என்னமோ சொன்னாங்களே..."

"உங்கம்மா சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நீ போய் அந்த ஸ்வெட்டரைக் கழட்டு."

மற்ற பெண் குழந்தைகள் எப்படி வருவார்கள் என்று கொர்மக்குக்குக் கொஞ்சம் தெரியும். சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டானாம். இந்த மாதிரி நல்ல மனசுக்காரர்களால் வீட்டுக்கு வருகிற கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை.

லொரைனும் விசாரிக்காமல் இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு தாயிடம் கேட்டாள். அவள், "ஐயோ, நாங்க என்னத்த வாங்கறது, வீட்டுல ஏதோ பழசு கிடக்கு" என்றாள். என்ன அடக்கம் பார் என்று லொரைன் நினைத்துக்கொண்டாள்.

கீழே குளம்புச் சத்தம் கேட்டது. கொர்மக் ஜன்னலுக்குப் போனான்.

"லொரைன். வாசல்ல குதிரை நிக்குது."

"என்ன குதிரை?"

"வெள்ளைக் குதிரை. தலையில இறகு வெச்சிருக்கு. உங்க அக்கா வண்டியில உக்காந்து கையாட்டுறாங்க."

சாரட்டு வண்டி! சக்கரத்துக்கெல்லாம் வெள்ளை ரிப்பன். ஓட்டி வந்தது டெஸ்ஸி, பெர்னியின் தெருக்காரன், கல்யாணங்களுக்குக் குதிரை வண்டி விடுகிறவன். விடிந்ததும் கிளம்பி ஊரையே குறுக்கே கடந்து வந்திருக்கிறார்கள். பெர்னி ரோஜா நிறத் தொப்பியும், அதே நிறத்தில் கூரான செருப்பும், வெயிலில் காய்ந்த மாதிரி தெரிய உடம்பில் பாட்டிலில் வாங்கிப் பூசிய பழுப்பு நிறமுமாக எழுந்து நின்று கூவினாள்.

"ஏய் லொரைன்! என் தங்கத்தை இறக்குடி கீழே!"

எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தண்ணீர் அவர் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் லொரைனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மகள் வண்டியில் ஏற, கவுன் இருக்கை முழுக்கப் பரவ, பெர்னி தன் போனைக் குழந்தை கையில் கொடுத்து "இந்தா, நீயே எடு போட்டோ, இன்னிக்கு நீதான் ராணி" என்று சொல்ல, லொரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. லொரைனின் புதுநன்மைக்குக் கவுன் வந்தது கோவில் தர்மச் சங்கத்து அலமாரியிலிருந்து. வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்த ஒரு பெண், "ஏய், அது எங்க அக்கா கவுன், நாங்க தர்மத்துக்குக் கொடுத்தது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டாள். லொரைனுக்கு அப்போது இந்த ரோஷீன் வயது. பக்கத்தில் நின்ற பெர்னிக்குப் பதினான்கு. அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் அம்மா. இனி எங்கள் வீட்டுப் பிள்ளை இன்னொருத்தர் துணியில் கோவிலுக்குப் போகக் கூடாது என்று அவள் அன்றைக்கு முடிவு பண்ணியிருக்க வேண்டும்.

வண்டி கோவில் வாசலில் போய் நின்றது, பின்னாலேயே கொர்மக்கின் கார்.

லொரைன் இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

முற்றம் நிறையப் பெண் குழந்தைகள். ஒருத்திக்குச் சாதாரணப் பருத்தி கவுன். ஒருத்திக்கு அதன் மேல் பள்ளிக்கூட ஸ்வெட்டர். ஒருத்தியின் கவுன் மஞ்சள் பூத்திருந்தது; நான் போட்டது, எனக்கு முன் எங்க அம்மாவும் போட்டது என்று பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள் தாய். ஒரு குடும்பம் சைக்கிளில் வந்து இறங்கியது. தலையில் கிரீடம் ஒருத்திக்கும் இல்லை. ஒரு பூகூட இல்லை.

வீட்டுல ஏதோ பழசு கிடக்கு என்று பள்ளிக்கூட வாசலில் கேட்டது அடக்கம் இல்லை. நிஜம்.

ஒரு சின்னப் பெண் ரோஷீனிடம் வந்து கேட்டது. "உனக்கு இன்னிக்குக் கல்யாணமா?"

பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். தாய்மார்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "ஆகா, எவ்ளோ அழகு!" என்றார்கள், அழகு என்ற சொல்லைக் கொஞ்சம் அதிகமாக இழுத்து. ஃபினூலா தன் பழைய நீலக் கோட்டில் வந்து சேர்ந்தார். பேத்தியைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார்.

"அடேயப்பா. என்ன மெனக்கெடல்!" என்றார். பிறகு லொரைன் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நான்தான் சொன்னேனேம்மா, எளிமையா போதும்னு. உங்க அக்காவுக்கு ஏன் இவ்வளவு செலவு வெச்சே?" என்றார்.

அதில் குத்தல் இல்லை. அதுதான் கொடுமை. லொரைனுக்கு இப்போதுதான் விளங்கியது, அந்த அம்மாள் கிறிஸ்துமஸிலும் அதை அப்படியே, சொன்ன அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த ஊரில் முப்பது வருஷம். இதைப் புரிந்துகொள்ள எனக்கே பத்து வருஷம் பிடித்தது. லொரைனுக்குக் கல்யாணமாகி ஒன்பதுதான் ஆகிறது. ஃபினூலா மலிவுக் கடைப் பிஸ்கட்டை டப்பாவோடு மேஜையில் வைத்து, "பாதி விலைக்குக் கிடைச்சுது!" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். பெர்னி மாதக் கடைசியில் தான் ரொட்டியைத் தின்றுகொண்டு, வருகிறவர்களுக்கு டிவியில் விளம்பரம் வருகிற பிஸ்கட்டைத்தான் நீட்டுவாள். இருக்கிறவர் மலிவாக வாங்கினால் அது சாமர்த்தியம். இல்லாதவர் வாங்கினால் இல்லாமை வெளியே தெரிந்துவிடும். எளிமையாக இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது, என்ன செய்ய?

பெர்னி வாசலில் டெஸ்ஸியோடு குதிரையை நிழலில் கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். லொரைன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்துக்குள் போனாள்.

கோட்டு மாட்டும் அறை. யாருமில்லை. கதவைச் சாத்தினாள்.

"கையைத் தூக்கு."

"ஏம்மா?"

"தூக்குன்னா தூக்கு."

கிரீடம் முதலில் வந்தது, இரண்டு முடியோடு. பிறகு கையுறை. கவுனுக்கு அடியில் கைவிட்டு உள்பாவாடைகளை ஒவ்வொன்றாக உருவினாள். கடைசியில் கம்பி வளையம் தரையில் விழுந்து உருண்டது.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் கழட்டுறே?"

லொரைன் கைப்பையில் ஊக்கு தேடினாள். வளையம் போனதும் கவுன் தொளதொளவென்று தரையில் புரண்டது. ஊக்குப் போட்டு மடித்துக் குத்தினாள். தன் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றி மகளுக்கு மாட்டி, முத்துகள் தெரியாமல் கழுத்து வரை பொத்தான் போட்டாள். கழற்றியதையெல்லாம் சுருட்டி, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் திணித்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

"பெரியம்மா கேட்டா?" என்றாள் ரோஷீன், பெர்னியின் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"சாமியார் வேண்டாம்னு சொல்லிட்டார்னு சொல்லு."

"சாமியார் எப்பச் சொன்னார்?"

"சொன்னார்."

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் பண்ணி இன்னும் ஈரம்கூடக் காயாத குழந்தை. அம்மாவை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு கூடவே நடந்தது.

பூசை தொடங்கிய பிறகுதான் பெர்னி உள்ளே வந்தாள். செருப்புச் சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது. லொரைன் பக்கத்தில் உட்கார்ந்து, முன்வரிசையில் ஞானக்குழந்தையைத் தேடினாள். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கிரீடம் எங்கேடி?"

"சாமியார் வேண்டாம்னுட்டார்க்கா. இங்க அதெல்லாம் கூடாதாம்."

"யாரு, அந்த ஒல்லிப்பிச்சானா? குழந்தை தலையில கிரீடம் இருந்தா இவருக்கு எங்க வலிக்குதாம்?"

"மெல்லப் பேசுக்கா. விட்டுடு."

"நான் விடறவளா?" என்றாள் பெர்னி. "நீ சும்மா இரு. நான் பார்த்துக்கறேன்."

ரோஷீன் நன்மை வாங்கினாள். லொரைன் அதைப் பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள், மனதில் ஒன்றும் ஏறவில்லை. பூசை முடிந்ததும் அக்காவை எப்படி அப்புறப்படுத்துவது என்ற ஒரே கவலை.

முடியவில்லை. முற்றத்தில், பூசை வைத்த ஃபாதர் டெக்லன் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஃபினூலா, கொர்மக், பள்ளிக்கூடத் தாய்மார்கள். பெர்னி தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு நேராகப் போனாள்.

"சாமி, ஒரு நிமிஷம். நான் ரோஷீனோட ஞானத்தாய். குழந்தை ஆசை ஆசையாப் போட்டுட்டு வந்ததை ஏன் கழட்டச் சொன்னீங்க? நாங்க கஷ்டப்பட்டு வாங்கினது. கடவுள் கோவிச்சுக்குவாரா?"

ஃபாதருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எதையும் கழட்டச் சொல்லலையேம்மா. நான் ஏன் சொல்லப்போறேன்? எந்தக் கவுன் போட்டா என்ன?"

பெர்னி திரும்பினாள்.

லொரைன் அங்கேயே நின்றாள். ஸ்வெட்டர் இல்லாத கையில் குளிர் ஏறியது. மாமியார், கணவன், தாய்மார்கள் எல்லார் கண்ணும் இவள் மேல். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது. அது எங்கே பிளக்கிறது?

பெர்னி கத்துவாள் என்று நினைத்தாள். கத்தியிருக்கலாம். பெர்னி ஃபாதரிடம் திரும்பி, முகம் முழுக்கச் சிரித்தாள்.

"நான்தான் தப்பாக் காதுல வாங்கிட்டேன் போல சாமி. எனக்கு ஒரு காது மந்தம். என் தங்கச்சி வேற என்னமோ சொல்லியிருக்கா. மன்னிச்சிடுங்க."

பெர்னியின் இரண்டு காதும் பாம்புக் காது. அது லொரைனுக்கு மட்டும்தான் தெரியும்.

பெர்னி விறுவிறுவென்று நடக்க, லொரைன் பின்னாலேயே ஓடினாள். பெர்னி மண்டபத்துக்குள் போய், யாரும் காட்டாமலேயே நாற்காலிகளுக்குப் பின்னால் கையை விட்டாள். துப்புரவு வேலைக்காரிக்கு, ஒளித்து வைக்கிறவர்கள் எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று தெரியாதா? உள்பாவாடைகளை வெளியே எடுத்து, உதறி, ஒவ்வொன்றாக மடித்தாள்.

"அக்கா, நான்..."

"என்கிட்டச் சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேன்டி. இந்த ஊர் வழக்கம் எனக்கென்ன தெரியும்?"

"இங்க இப்படின்னு எனக்கும் தெரியாதுக்கா. சத்தியமா."

"அது சரி." பெர்னி கிரீடத்தில் சிக்கியிருந்த முடியை எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்கு இந்தக் கவுனாலே வெட்கமா? என்னாலே வெட்கமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். கவுனால்தான் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். லொரைன் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. வந்தபோது நேரம் கடந்துவிட்டது, அது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"சரி," என்றாள் பெர்னி. "எங்க வீட்டு விருந்துக்கு நீங்க வர வேண்டாம். தெருவெல்லாம் காத்துட்டிருக்கு, குழந்தைங்க ஏறிக் குதிக்கிற காத்தடைச்ச ரப்பர் கோட்டை வேற வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருக்கேன். பரவாயில்ல. குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா? இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன்."

மடித்ததையெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ரோஷீன் உட்கார்ந்திருந்த இடத்தில் துணி மூட்டையை வைத்தாள், அதன் மேல் கிரீடத்தை வைத்தாள். டெஸ்ஸி லொரைனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிப்பன் கட்டிய சக்கரம் உருண்டு தெருமுனை திரும்பியது.

"பெரியம்மா ஏன் தனியாப் போறாங்க?" என்றாள் ரோஷீன்.

கொர்மக் நசுங்கிய கார்க் கதவைத் திறந்து பிடித்தான். ஃபினூலா வீட்டில் மதியம் சூப்பும் சாண்ட்விச்சும், எல்லாம் எளிமை. "ஏறும்மா, சூப் ஆறிடும்" என்றார் அவர்.

அப்போது ரோஷீனின் கையிலிருந்த போன் அலறியது. பெர்னியின் போன். திருப்பிக் கொடுக்க எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். திரையில் ஜசிந்தா என்ற பெயர்: பெர்னியின் பக்கத்து வீட்டுக்காரி, லொரைனுக்குச் சின்ன வயதில் சோறு போட்டவள். லொரைன் வாங்கிக் காதில் வைத்தாள்.

"எங்கடி இருக்கே பெர்னி? குதிரை வருது குதிரை வருதுன்னு தெருமுனையில பசங்க நின்னு நின்னு கால் ஓஞ்சு போச்சுடி!"

"ஜசிந்தாக்கா, நான் லொரைன்."

"லொரைனா! என் கண்ணே! எப்ப வர்றீங்க? கேக்கு வெட்டாம வெச்சிருக்கோம். வாசல்ல பலூனு கட்டி, ரோஷீன் பேரை எழுதி வெச்சிருக்கோம். கிரீடம் என்ன மினுக்கு மினுக்குதுன்னு நேத்துப் பூரா உங்க அக்காவுக்கு அதே பேச்சு. சீக்கிரம் வாங்கடி!"

வரோம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கொர்மக் சாவியோடு காத்திருந்தான், எங்கே போகச் சொன்னாலும் போயிருப்பான். ஆனால் அங்கே போனால் ஊக்குக் குத்திய இந்தக் கவுனோடும் இந்தச் சாம்பல் ஸ்வெட்டரோடும் போய் நிற்க வேண்டும். பெர்னியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இல்லக்கா," என்றாள் லொரைன். "வர முடியாது போலிருக்கு. குழந்தைக்கு உடம்பு சரியில்ல. நல்ல ஜுரம்."

ரோஷீன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மெல்லத் தன் உள்ளங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். புறங்கையைத் திருப்பிக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், அம்மா பார்ப்பது போலவே.

"எனக்கு ஜுரம் இல்லையேம்மா," என்றாள், கணீரென்று.

போனில் பசங்களின் கூச்சலும், கோட்டைக்குக் காற்றடிக்கும் மெஷினின் இரைச்சலும் மட்டும் கேட்டன. ஜசிந்தா பேசியபோது குரலில் சிரிப்பு போயிருந்தது.

"அப்ப அந்த வண்டி காலியாவா வருது, லொரைன்?"